பிறந்த இடம் என்ற கட்டம்

மார்ச் 3, 1970. செவ்வாய்.

காலையில் பனி. மேசைக்கும் நாற்காலிக்கும் நடுவே வழி தெரியவில்லை. மூவுலகிலும் எவரும் நம்பாத கதையொன்றை எழுதப்போவதாக, இத்தோட்டத்தின் தலைமைக் கிளாக்கராகிய நான் சத்தியம் செய்கிறேன்.

அக்கா மகள் செல்வி, வயது இருபத்திரண்டு. அக்கா உயிரோடில்லை, பிறப்பைப் பதியவும் இல்லை. வெள்ளிக்கிழமை இலங்கைப் பிரஜாவுரிமை மனு. இங்கேதான் பிறந்தாள் என்று தோட்டத்துப் புத்தகம் ஏதாவது சொல்ல வேண்டும். இல்லையென்றால் கப்பல். கண்ணால் பார்த்திராத இந்தியா.

ஆபீசில் பழைய புத்தகங்கள் பத்தாயிரம். குவித்தால் நமுனுகுல மலை குட்டை. எதில் ‘பிறந்த இடம்’ என்று ஒரு கட்டம்? சம்பளக் கணக்கு எழுதும் செக்ரோலில் இல்லை. கொழுந்துப் புத்தகத்தில் இல்லை. அரிசிப் புத்தகத்தில் இல்லை. தும்மல், முப்பத்தேழு. மனதில் ஒன்றுமில்லை.

மார்ச் 4.

பஸ்ஸில் பதுளை. ஒருவர் தோளில் இன்னொருவர், அவர் தோளில் ஓர் ஆடு. அச்சுக்கூடம். காசிம் நானா (கா.நா.), தோட்டத்துப் புத்தகங்கள் எல்லாம் இவர் அச்சடித்தவை.

“புத்தகம் பூரா பொரட்டி என்னத்துக்கு கிளாக்கர்? அடிச்ச ஒவ்வொண்ணுலயும் எழுதாத தாள் ஒண்ணு கோத்து வெச்சிருக்கேன். தலைப்ப மட்டும் பாருங்க. கட்டம் உள்ளத மட்டும் போய்த் தேடுங்க.”

கம்பியில் நாற்பத்தொரு தாள். அந்தக் கட்டம் உள்ளவை:
ஆஸ்பத்திரி இடாப்பு
அம்மை குத்தும் புத்தகம்
பிள்ளைக்காம்பரா இடாப்பு

“மூணே மூணு! ஒரு டீயாச்சும் வாங்கிக் குடுங்க.”

கா.நா.வுக்கு டீ. சந்தோஷப்பட வேண்டிய இடம். படவில்லை. குடையை பஸ்ஸில் விட்டாயிற்று.

மார்ச் 5. மத்தியானம் மழை.

முதல் இரண்டும் கறையானுக்கு. மூன்றாவது முழுசு. தாய்மார் கொழுந்துக்குப் போகையில் பிள்ளைகளை விடும் காம்பராவின் இடாப்பு. செல்வி, பதினான்காம் வரி. பிறந்த இடம்: மேற்படி. மேலே மேற்படி. அதற்கும் மேலே மேற்படி. முதல் வரியில், அந்த மாதம்தான் கப்பலில் வந்திறங்கிய ஒரு பிள்ளை: இந்தியா.

பதின்மூன்று மேற்படி. வேலைக்குச் சேர்ந்த புதிது. காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்கு முன் பக்கத்தை முடிக்கும் அவசரம், யாருக்கோ.

இப்போது அடித்து எழுதினால் கள்ள எழுத்து. அதிகாரி மையைத்தான் முதலில் பார்ப்பார். புத்தகத்தை மூடினேன். திறந்தேன். சாப்பிட்டேன். என்ன கறி, நினைவில்லை.

மார்ச் 6. வெள்ளி.

விடிந்ததும் செல்வி.

“கெடைச்சிச்சா மாமா?”

சொன்னேன். சிறுத்தை ஆபீசுக்குள் வந்தது, துரை நாற்காலியில் அமர்ந்தது, பத்தாயிரம் புத்தகத்தில் அவள் பக்கத்தை மட்டும் தின்று ஏப்பம் விட்டது. கடைசியில் சொன்னேன்: ஒன்னய இந்தியாவுல பொறக்க வெச்சவன் நான்தான், அது என் எழுத்து.

விழுந்து விழுந்து சிரித்தாள். “போங்க மாமா, ஒங்க புளுகும் நீங்களும்! நெசத்தச் சொல்லுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

சிறுத்தை வரவில்லை. புத்தகம் எழுபது தேறும். ஆடு கீழேதான் நின்றது. எழுத்து மட்டும் என்னுடையது.