கிருபையின் பெயர் இருக்கும் பக்கம்

தூத்துக்குடி
புதன்கிழமை

ஸ்டெபின் அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். இங்கே நான் சுகம். மஸ்கட் வெயிலில் உங்கள் உடம்பையும் கர்த்தர் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனை வைத்த பிறகு பதினொரு தடவை கூப்பிட்டுவிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. அதனால்தான் தாளும் பேனாவும். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புவேன். பார்த்தால் டிக் நீலமாகிவிடும், பார்க்கவில்லை என்று நீங்கள் சாதிக்க முடியாது.

முதலில் வீட்டுச் செய்தி. தண்ணீர் மோட்டாரில் மறுபடி காயில் எரிந்துவிட்டது. மூன்று நாளாகக் குடத்தில் தண்ணீர் சுமக்கிறேன். நம் பிள்ளை ஸ்டெபினுக்கு ஓசூர் கம்பெனியில் வேலை நிரந்தரமாகிவிட்டது. அவனாவது போனை எடுக்கிறான். உங்கள் பிரஷர் மாத்திரை மாசக் கடைசியில் தீர்ந்துவிடும், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம் சண்டைக்கு வருகிறேன். வருகிற சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, கலை மையத்தின் கூடுகையில், மைக் முன்னால் நின்று நான் அந்தக் கதையைப் படிக்கத்தான் போகிறேன். படித்தால் என் முகத்தில் முழிக்காதே என்றீர்கள். முழிக்கிறதும் முழிக்காததும் உங்கள் இஷ்டம். ஆனால் நான் என்ன எழுதினேன் என்று உங்கள் அண்ணன் பெரியத்தான் வாயால்தான் கேட்டிருக்கிறீர்கள், என் வாயால் கேட்கவில்லை. இப்போது கேளுங்கள்.

அந்த மையத்தில் வேலையற்றவர்கள் கூடி ஊர்வம்பு பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது பழைய துறைமுகத்துப் பக்கம் முன்னே பஞ்சுக் கிடங்காக இருந்த கட்டடம். கல்லூரியில் தமிழ் எடுக்கிற ரம்யா சனிக்கிழமைதோறும் அங்கே எழுத்துப் பட்டறை நடத்துகிறாள். நாங்கள் பத்துப் பேர். விளாத்திகுளத்தில் விதைக்கடை வைத்திருக்கும் நயினார் அண்ணாச்சி பஸ் பிடித்து வருகிறார். அவர் எழுதும் எல்லாக் கதையிலும் மழை வந்துவிடும். ஏன் அண்ணாச்சி என்று கேட்டால், எங்க ஊர்லதான் பெய்ய மாட்டேங்கு, கதையிலாவது பெய்யட்டுமே என்கிறார். டிரெய்லர் ஓட்டும் மாரிச்செல்வம் துறைமுக வாசலில் வரிசையில் நிற்கும்போது கவிதை எழுதுகிறார். அங்கே ஒரு சட்டம் உண்டு. படித்தவர் விளக்கம் சொல்லக் கூடாது, மன்னிப்பும் கேட்கக் கூடாது. கேட்டவர்கள் ஆளுக்கு ஒரு வரி, மனதில் நின்றதைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் யாரும் தொடாத ஒரு பொருளைப் பற்றி எழுதுங்கள் என்று ஒரு சனிக்கிழமை ரம்யா சொன்னாள். நான் யோசிக்கவே இல்லை. நம் குடும்ப வேதாகமத்தின் முதல் பக்கத்தை எழுதினேன்.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் உங்கள் அம்மா அந்தப் பக்கத்தைத் திறந்துதான் என் பெயரை எழுதவைத்தார்கள். உங்கள் தாத்தா காலத்திலிருந்து பிறப்பு, ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம், சாவு எல்லாம் வரிசையாக இருந்தன. உங்கள் பெயருக்கு அடுத்த வரியில் மட்டும் ஒரு தாள் துண்டு ஒட்டியிருந்தது. ஆலயக் காலண்டரில் கிழித்தது. பதினாலு என்ற எண் தலைகீழாகத் தெரிந்தது. இது என்ன என்று கேட்டேன். உங்கள் அம்மா புத்தகத்தை மூடி வைத்துவிட்டார்கள். கிருபை என்று உங்களுக்கு ஒரு தங்கச்சி இருப்பதே எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும். ஆறுமுகநேரி விஜயராஜைக் கோயிலில் வைத்துக் கட்டிக்கொண்டாள், குங்குமம் வைத்துக்கொண்டாள், அது ஒன்றுதான் அவள் செய்த குற்றம். அவரும் நம் ஆட்கள்தான், சாமி மட்டும்தான் வேறு. அதற்கே உங்கள் நாசரேத் வீட்டில் அவள் பெயரைச் சொல்லக் கூடாது என்றாகிவிட்டது. அத்தை இறந்த அன்று கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே ஒரு பெண் நின்று அழுதாளே, அன்றுதான் நான் அவளை முதல்முதலாகப் பார்த்தேன். உள்ளே கூப்பிட எனக்கு அன்றைக்குத் தைரியம் வரவில்லை. அந்த வெட்கம் இன்னும் என்னை விடவில்லை.

கதையில் எல்லாப் பெயரையும் மாற்றினேன். ஊரை மாற்றினேன். அந்தப் பதினாலை மாற்ற மறந்துவிட்டேன். என் பக்கத்து நாற்காலி அற்புதமணி அக்கா உங்கள் தெருவில் வளர்ந்தவள், உங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தவள். பட்டறையில் நான் படிக்க, தலைகீழ் பதினாலைக் கேட்டதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பு மாட்டுவதற்குள் விஷயம் பெரியத்தான் காதுக்குப் போய்விட்டது.

அவர் அன்றைக்கே வந்தார். காப்பியைத் தொடவில்லை. நம்ம வீட்டு அசிங்கத்த மைக்குல வாசிக்கப் போறியாமேளா என்றார். குடும்ப வேதாகமம் மூத்தவன் வீட்டில்தான் இருக்க வேண்டும், எடு என்றார். அத்தை அதை என் கையில் கொடுத்தார்கள், என் கையிலிருந்துதான் அது போகும், இப்போது போகாது என்றேன். உங்கள் அண்ணனிடம் நான் எதிர்த்துப் பேசியது இதுதான் முதல் தடவை. ஆனால் தப்பாக ஒரு வார்த்தை வரவில்லை.

அதோடு விடவில்லை. மையத்துக் கட்டடச் சொந்தக்காரருக்குச் சொல்லி, இடம் கிடைக்காது என்று ரம்யாவை மிரட்டியிருக்கிறார். நேற்று எங்கள் எல்லோரையும் அவசரமாகக் கூட்டி, அவள் பாவம், தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னாள். பெயர் போடாமல் படித்துவிடலாமே அக்கா என்றாள். ஒரு பெயரை மறைத்த கதையை நானும் பெயரை மறைத்துக்கொண்டு படிக்கவா? மாட்டேன் என்றேன். மாரிச்செல்வம் உடனே, இடம் தராட்டிப் போட்டும்க்கா, நம்ம டிரெய்லர் நாப்பது அடி, அதுமேல ஏறி நின்னு வாசிங்க என்றார். அத்தனை பேரும் சிரித்தோம். ஆனால் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இருபது வருடமாகத் துறைமுகக் கிளியரிங் ஆபீஸில் எனக்கு என்ன வேலை? கண்டெய்னருக்குள் என்ன இருக்கிறதோ அதை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதுவது. உள்ளே ஒன்றும் தாளில் ஒன்றுமாக இருந்தால் சரக்கை நகரவிடமாட்டார்கள். நம் வீட்டுச் சரக்கும் அப்படித்தான் இத்தனை வருடமாக நின்ற இடத்திலேயே நிற்கிறது.

யாரைக் கேட்டு எழுதினாய் என்றீர்கள். நியாயமான கேள்வி. கேட்க வேண்டிய ஆளைக் கேட்காமல் எழுதியது என் தப்புதான். நாளைக்கு லீவு போட்டுவிட்டு ஆறுமுகநேரிக்குப் போகிறேன். அவள் வேண்டாம் என்றால் கதையைக் கிழித்துவிடுவேன். அவள் ஒருத்தி சொன்னால் மட்டும்தான்.

வியாழக்கிழமை

போய்விட்டு வந்துவிட்டேன்.

உப்பளத்தைத் தாண்டி மெயின் ரோட்டிலேயே கடை. எலக்ட்ரிக் சாமான் கடை. விஜயராஜ் கல்லாவில் இருந்தார். உங்கள் தங்கச்சி உள்ளே தரையில் உட்கார்ந்து மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், எழுந்தாள். வாங்க மைனி என்றாள், ஏதோ போன வாரம்தான் பார்த்தது மாதிரி. வீட்டில் தண்ணீர் இல்லாத கதையைச் சொன்னேன். கழட்டி அனுப்புங்க மைனி, நானே சுத்தித் தாரேன் என்றாள். மோட்டார் காயிலை நம் வீட்டுப் பெண்ணே சுற்றுகிறாள், நாம் தூத்துக்குடி முழுக்க மெக்கானிக்கைத் தேடி அலைந்திருக்கிறோம்.

விஷயத்தைச் சொல்லிவிட்டு, அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து கதையைப் படித்தேன். சுற்றிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றுவிட்டது. படித்து முடித்து நான் விளக்கம் சொல்லவில்லை. அவள் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "எம் பேர வெட்டி எடுத்துருப்பாவன்னுதான் இத்தன வருசம் நெனச்சிருந்தேன் மைனி. ஒட்டத்தான செஞ்சிருக்காவ. அப்பம் அடியில இருக்குல்லா."

என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. படிக்கட்டுமா என்று கேட்டேன். படிங்க, ஆனா கதையில எனக்கு வேற பேரு வச்சிருக்கிய, அத எடுத்துட்டு என் பேரையே போடுங்க என்றாள். போட்டுவிட்டேன். சனிக்கிழமை அவளும் விஜயராஜும் வருகிறார்கள், முன்வரிசையில் உட்காருவார்கள். அழைப்பிதழில் என் பெயரை முழுசாகப் போடச் சொல்லிவிட்டேன், ஜெயஷீலா ஃபிராங்க்ளின் என்று. உங்கள் பெயரும் சேர்ந்துதான் வருகிறது. அது என் பெயரும்தான், அதை எடுக்கச் சொல்ல உங்களுக்கும் உரிமை இல்லை.

ஒன்று மட்டும் அவளிடம் நான் சொல்லவில்லை. உங்கள் அப்பாதான் ஒட்டினார் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். கிளம்பும்போது, சின்னண்ணன் கையெழுத்து இன்னும் அப்படியே அழகா இருக்கா மைனி என்று கேட்டாள். என் திடப்படுத்தல் தேதிய அண்ணன்தான் எழுதுனாவ என்றாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

எனக்குத் தெரியும். அத்தை கடைசி மாதத்தில் என்னிடம் சொல்லிவிட்டார்கள். அவிய அப்பா நின்னு ஒட்டச் சொன்னாவ, ஒம் புருசன்தான் கஞ்சிய எடுத்து ஒட்டுனான், அழுதுக்கிட்டே ஒட்டுனாம்ளா என்றார்கள். அதற்குப் பிறகு ஏழு வருடம் உங்களோடு வாழ்ந்துவிட்டேன், ஒரு நாளும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எதற்கு அப்படிக் கத்தினீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். குடும்ப மானத்துக்காகக் கத்தவில்லை.

பயப்படாதீர்கள். கதையில் ஒட்டியது யார் என்று நான் எழுதவில்லை. அந்த இடத்தில் ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறேன். அந்த வரி என்னுடையது இல்லை. அதை அவளிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவள் நம்பரைத் தனியாக அனுப்புகிறேன். சனிக்கிழமைக்கு முன்னால் கூப்பிட்டால் சந்தோஷம். கூப்பிடாவிட்டாலும், மையத்திலோ டிரெய்லர் மேலோ, நாலு மணிக்கு நான் படிப்பேன்.

அந்தத் தாளை நான் உரிக்க மாட்டேன். பெரியத்தானையும் தொடவிட மாட்டேன். வேதாகமத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் லீவுக்கு வாருங்கள். கிருபையையும் கூப்பிடுவோம். கஞ்சிப் பசைதானே, ஈரத் துணி வைத்தால் இளகிவிடும்.

ஒட்டிய அந்தக் கையைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. உரிக்கிற பெலனையும் அந்தக் கைக்கே கொடுப்பாராக.

உங்கள் முகத்தில் முழிக்கக் காத்திருக்கும்,
ஜெயஷீலா ஃபிராங்க்ளின்