நிலைய வாசலில் அழுத பெண்

எதற்கும் ஒரு கதை வைத்திருந்த என் பெரியப்பாவுக்கு,

இங்கே வைலே ஊரில் குளிர் இன்னும் விடவில்லை. நீங்கள் கண்மூடிய பிறகும் பெரியம்மா உங்கள் ஜாக்கெட்டை ஒருவருக்கும் கொடுக்காமல் கொழுவியிலேயே விட்டிருக்கிறா. நீங்கள் ஏற்றிவிட்ட அதே ரயிலில்தான் நான் ஓகூஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்வருகிறேன். உங்களால் எனக்கு ஒரு சிக்கல் வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

வகுப்பில் பேர்லின் சுவரைப் பற்றிக் கதை வந்தது. யாழ்ப்பாணத்தில் நான் படித்த ஜேர்மன் சரித்திரம் உங்களுக்குத் தெரியும்தானே: ஹிட்லர் செத்தார், நாடு இரண்டானது, சுவர் விழுந்தது, பரீட்சை முடிந்தது. இடையில் சனம் எப்படிச் சீவித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதனால் உங்கள் கதையை எடுத்துவிட்டேன். எண்பதுகளில் நீங்கள் கிழக்கு பேர்லினில் விமானத்தால் இறங்கியது, காவலாளி கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டுப் போ என்று கைகாட்டியது, ரயிலேறி மேற்குக்குப் போனது, எல்லாம் சொன்னேன். "ரிக்கெற் எடுத்துச் சுவர் தாண்டினவன் நான்" என்ற உங்கள் பகிடியையும் விடவில்லை. வகுப்பே சிரித்தது. யூலியா மட்டும் சிரிக்கவில்லை.

யூலியா ஜேர்மன்காரி. இங்கே எனக்கென்று இருக்கும் ஒரே சிநேகிதி. தன் தாயோடு பிறந்த மாமா மேற்குக்குத் தப்பப் பார்த்து அதே நகரத்தில் பிடிபட்டவர் என்று வெளியே வந்ததும் சொன்னாள். சிறையால் வந்த பிறகு அவர் ஒருவரோடும் கதைத்ததில்லையாம். அன்றிலிருந்து அவளும் என்னோடு கதைக்கவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை, பெரியப்பா.

பெரியம்மாவிடம் சொன்னேன். அவவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அவர் ஆமிக்குப் பயந்து ஓடி வந்தவர், பிள்ளை. அவையின்ர சுவரைப் பாக்கவே வந்தவர்?"

அதுவும் நியாயம்தானே? ஆனாலும் கேட்கிறேன். உங்களுக்குத் திறந்த கதவு அந்த ஊராருக்குப் பூட்டிக் கிடந்தது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்துகொண்டுதான் சிரித்தீர்களா?

போன சனிக்கிழமை யூலியாவின் தாய் ஜேர்மனியிலிருந்து வந்திருந்தா. என்னைப் பார்க்கவேண்டும் என்றாவாம், யூலியா ஒரு வரி மட்டும் எழுதி அனுப்பினாள். யூலியாவின் அறைக்குப் போனேன். அவ முகத்தில் சிரிப்பே இல்லை. அங்கே நீங்கள் யாரையெல்லாம் கண்டீர்கள் என்று கேட்டா, யூலியா மொழிபெயர்த்தாள். போன் எடுத்து உங்களைக் கேட்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன், பாருங்கள்.

அப்போதுதான் அந்தப் பெண் ஞாபகத்துக்கு வந்தா. கிழக்கு பேர்லின் ரயில் நிலைய வாசலில் நின்று உங்களைப் பார்த்து அழுதவ. "மெல்லிய சேட்டோட நடுங்கின எங்களைக் கண்டு இரங்கி அழுதவ, நல்ல மனுசி" என்று ஒவ்வொரு முறையும் சொல்வீர்கள். அதைச் சொல்லிக்கொண்டு போகும்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவ உங்களுக்காகத்தான் அழுதாவா, பெரியப்பா?



"நானென்றாலும் அழுதிருப்பேன்," என்றா தாய். "இரக்கத்தில் இல்லை. எரிச்சலில்."

கோப்பையைத் தள்ளி வைத்தா. நீங்கள் உயிரோடு போய்ச் சேர்ந்தீர்களா என்று கேட்டா. ஓம் என்று தமிழிலேயே சொல்லித் தலையாட்டினேன். கேக் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு அவ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தா. யூலியா என்னோடு பேருந்துத் தரிப்பிடம் வரை நடந்து வந்தாள்.

உங்கள் கதையை இனியும் சொல்வேன், பகிடியோடுதான் சொல்வேன். ஆனால் நீங்கள் ரயிலேறிய பிறகும் அழுத பெண் அந்த வாசலிலேயே நின்றிருப்பா. கதை சொல்லும்போது அவவை அங்கே விட்டுவிட்டு ரயிலோடு நானும் போய்விடமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் பெறாமகள்,
துளசி