வரிசையில் முன்னால் அம்மா

காஸ்பே கரை,
பிப்ரவரி 11

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். வடக்கே சுரங்க முகாமில் குளிர் எப்படி? கிறிஸ்துமஸுக்கு விடுமுறை கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதே முகாமிலிருந்து எர்வே மாமா வந்திருந்தார். அவருக்கு மட்டும் விடுமுறை எப்படிக் கிடைத்தது என்று அம்மா கேட்கவில்லை. நீங்கள் நம் மீன்பிடிப் படகை விற்றதைப் பற்றி இப்போது ஊரில் யாரும் கேலியாகப் பேசுவதில்லை. இதை உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

ஒரு பெரிய செய்தி. நாங்கள் பனிக்கால மலையேற்றத்தைத் தொடங்கிவிட்டோம். நீங்கள் வந்ததும் மூவருமாகப் போவதாகத்தான் இருந்தோம். ஜனவரி முடிந்ததும் அம்மா, “போதும், நாமளே போவோம்” என்றாள்.

பனியில் கால் புதையாமல் நடக்கப் பனிமிதியடி வாங்க மிரேய் அத்தையின் கடைக்குப் போனோம். அம்மா நேராகப் போய் இருப்பதிலேயே நீளமான ஜோடியைத் தூக்கினாள். “பெருசா இருந்தாத்தானே புதையாது?” என்றாள். அது சமவெளிக்கு, சரிவில் திரும்பும்போது தடுக்கிவிடும் என்றேன். மலைக்குக் குட்டையாக, அடியில் இரும்புப் பற்களோடு, ஏற்றத்தில் குதிகாலைத் தாங்கும் கம்பியோடு இருக்கவேண்டும். உடல் எடையோடு முதுகுப்பையின் எடையையும் சேர்த்துத்தான் அளவு பார்க்கவேண்டும். “லைப்ரரியையே முழுங்கிட்டு வந்திருக்கா என் பொண்ணு!” என்று அம்மா கடைக்கே கேட்கும்படி சொன்னாள். ஆனால் நான் சொன்ன ஜோடியைத்தான் எடுத்தாள். பருத்திச் சட்டை வியர்வையில் நனைந்தால் உடம்பு விறைத்துவிடும் என்று சொல்லி, கம்பளியும் போடவைத்தேன்.

சனிக்கிழமை மிரேய் அத்தையும் எங்களோடு வந்தார். முழங்கால் ஆழத்துக்குப் புதுப்பனி. முன்னால் போகிறவர்தான் மற்றவர்களுக்குப் பாதை மிதிக்கவேண்டும். களைத்தால் ஓரமாக ஒதுங்கி, எல்லோரும் கடந்தபின் வரிசையின் கடைசியில் சேர்ந்துகொள்ள வேண்டும். அம்மாவோ மூச்சு இரைத்தும் ஒதுங்கவில்லை.

“கொலெத், ஒதுங்குடி! மெடல் குத்தறதுக்கு மேல யாரும் நிக்கல!” என்று அத்தை கத்தினார்.

“முடியலேன்னு நான் சொன்னேனா?”

“முடியாதவ ஒதுங்கறதில்லடி. இன்னும் நடக்கணும்னு நினைக்கிறவதான் ஒதுங்குவா!”

அம்மா அப்படியே நின்றாள். பிறகு மெல்ல ஒதுங்கினாள். நான் கடந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் முன்னால் போய்ப் பாதை மிதித்தேன். சற்று நேரத்தில் பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது: “அடியே, இங்க ராஜபாட்டை மாதிரி இருக்கு! முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன?” நெடுநாள் கழித்து அவள் சிரித்ததைக் கேட்டேன்.

உச்சிக்குப் போகவில்லை. மரங்கள் முடியும் இடத்தில் காற்று ஆளைத் தள்ளியதால் திரும்பிவிட்டோம். வரும் சனிக்கிழமை மறுபடி போகிறோம். அப்போதும் முடியாவிட்டால் அதற்கடுத்த சனிக்கிழமை. ஏறாமல் விடப்போவதில்லை.

அப்பா, ஒதுங்கி நின்றவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. அவர் வந்து சேரும்வரை வரிசை மெதுவாகத்தான் நடக்கும். மலையில் ஏப்ரல் வரைக்கும் பனி இருக்கும். கடைசி ஆளாக வந்தால் போதும். பாதையை நாங்கள் மிதித்து வைக்கிறோம்.

உங்கள் மகள்,
ஒதில்