சாத்தி வைத்த கதவு

ஆடி கடைசி நாள், இரவு.

ஆடி அழைப்புக்கு வந்திருந்த மகள் சுதாவைக் கூட்டிப்போக மாப்பிள்ளை நாளைக் காலை வருகிறார். சாயங்காலமே அவள் பெட்டியை அடுக்கிவிட்டு, இருவரும் டிவியில் அந்தச் சிரிப்பு நாடகத்தைப் பார்த்தோம். அவள் எட்டாவது படிக்கும்போது ஆரம்பித்த நாடகம். அதில் வரும் கூட்டாளிகளும் இவளோடுதான் வளர்ந்தார்கள். அவர்களுக்கும் இப்போது கல்யாணமாகிவிட்டது.

இன்று அதில் ஒருவன், கோபித்துக்கொண்ட பெண்டாட்டியை ரூமில் வைத்துப் பூட்டிவிட்டான். கூட்டாளிகள் ஜன்னல் வழியாக அவளுக்குத் தோசை கொடுத்தார்கள். நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். சுதா சிரிக்கவில்லை.

"எங்கூட்டுக்காரரும் இப்படித்தானுங்மா பூட்டுவாரு."

"அட, வெளையாட்டுக்குச் செஞ்சிருப்பாரு கண்ணு."

"இவிய அஞ்சு நிமிசத்துல தொறந்துபோட்டாங்க. நான் விடியற வரைக்கும் உள்ள கெடந்தனுங்மா."

பக்கத்து ரூமிலிருந்து அவளுடைய அப்பா, "என்ன அம்மணி, சிரிப்பையே காணோம்?" என்றார். நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. அவள் எழுந்து படுக்கப் போய்விட்டாள்.

இந்த ஒரு மாதமும் சுதா கதவைத் திறந்துபோட்டேதான் தூங்கினாள். கொசு வரும் என்று தினமும் எழுந்துபோய்ச் சாத்தியவள் நான். காலையில் பார்த்தால் மறுபடி திறந்து கிடக்கும்.

இன்று சாத்தவில்லை. ஒன்பதரைக்குள் வந்தால் நல்ல நேரம் என்று மாப்பிள்ளையிடம் நானேதான் சொல்லியிருக்கிறேன். முருகா, அவர் வாசலில் வந்து நிற்கும்போது, அனுப்ப மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவேண்டும்.