ஒரே அச்சா, வேறு அச்சா

ஆகஸ்ட் 3, ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. எட்டாம் வகுப்புக் கணக்குத் தாள்கள் இன்னும் பதினேழு பாக்கி.

மத்தியானம் பிரபுவிடமிருந்து மின்னஞ்சல். ஐந்து மாதம் கழித்து. நலமா என்று ஒரு வரி, மீதி முழுக்கக் காசு.

எட்டு வருடமாக நாங்கள் இருவரும் பார்த்துவரும் காசுகள். ரோமானியர் ஆண்ட காலத்தில் துருக்கிப் பக்கம் இரண்டு சிற்றூர்களில் அடித்த செப்புக் காசுகள். பேரரசன் தலை இருக்கும் பக்கத்தை இரண்டு ஊரிலும் ஒரே அச்சை, ஒரே இரும்பு முத்திரையை, வைத்து அடித்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தது நான். அதைப் பற்றிய கட்டுரை ஓர் ஆய்விதழில் வரப்போகிறது, இரண்டு பேர் பெயரிலும். இப்போது வியன்னாவில் அவன் வேலை செய்யும் அருங்காட்சியகத்துக்கு இரண்டாவது ஊரின் காசு இன்னொன்று வந்திருக்கிறதாம்.

"அரசன் தலைமாலையின் பின்னால் தொங்கும் நாடா இதில் மூன்றாகப் பிரிகிறது. முதல் ஊர்க் காசுகளில் இரண்டுதான். இரண்டாவது ஊரின் பழைய காசுகளில் அந்த இடம் தேய்ந்திருந்தது. வேறு அச்சு. நம் கட்டுரையைத் திரும்ப வாங்கிவிடலாமா?"

'நம்' என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். வெட்கக்கேடு.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பள்ளி. மல்லேஸ்வரத்தில் கொத்தமல்லி, பல்பு, அம்மாவுக்கு மாத்திரை. ஸ்ரீராம்புரத்தில் வீடு வந்து சேர்வதற்குள் நனைந்துவிட்டேன்.

அவன் அனுப்பிய படத்தைத் திரையில் பெரிதாக்கி, பழைய படத்தின் மேல் வைத்து, நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். காது பொருந்துகிறது. மூக்கு பொருந்துகிறது. எழுத்துகளின் இடைவெளியும். நாடா மட்டும் பொருந்தவில்லை.

அம்மா எட்டிப் பார்த்து, "இன்னாடி, அதே காச எத்தினி தபா பாப்பே? சாக்கு, போதும், வந்து சாப்புடு" என்றாள்.

அவன் வியன்னாவுக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் கேட்டான், "கூட வரியா?" என்று. ஐந்து வருடம் ஆகிறது. அப்பாவுக்கு வாரம் மூன்று டயாலிசிஸ். முடியாது என்றேன். காரணம் அவனுக்கும் தெரியும். அப்பா போய் இரண்டு வருடம். அவன் மறுபடி கேட்கவில்லை. நான் மறுபடி கேள் என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

தலைவலி. லீவு. வெயில், ஒருவழியாக.

பக்கவாட்டில் வெளிச்சம் விழ எடுத்த படம் கேட்டிருந்தேன், வந்தது. நாடாவைச் சுற்றி மட்டும் கத்தி சுரண்டிய கோடுகள். அங்கே மட்டும் பச்சைக் களிம்பு இல்லை. யாரோ ஒருவர், விற்பதற்கு அழகு பார்த்து, பிற்காலத்தில் செதுக்கியிருக்கிறார். மூன்றாவது நாடா அச்சில் இருந்ததே இல்லை.

இன்னொன்றும். தாடையிலிருந்து மேலே ஓடும் மயிரிழை மேடு. அச்சில் விழுந்த விரிசல் காசில் மேடாகப் பதிந்திருக்கிறது. எங்கள் பழைய காசுகளிலும் அதே இடம், அதே வளைவு. இரண்டு அச்சுகள் ஒரே மாதிரி விரிசல் விடாது.

ஒரே அச்சு. அடுக்களையில் போய் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். "காச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

எழுதி அனுப்பலாம். ஆனால் குரல் கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தண்ணீர் வந்தது, பிடித்து வைத்தேன். மூன்று மணிக்கு மொட்டை மாடிக்குப் போய் அவனுக்குப் போன்.

சொல்லச் சொல்ல அவன் காசை எடுத்து லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமையும் வேலையில். "அட ஆமா! கத்திதான்! எனக்கு எப்பிடி தெரியாமப் போச்சு?" அதே சிரிப்பு. அப்புறம், "நீ மட்டும் இங்க இருந்திருந்தா..." என்று நிறுத்தினான்.

"இருந்திருந்தா?"

"இல்ல... வேல சீக்கிரம் முடிஞ்சிருக்கும்னு சொல்ல வந்தேன்."

பக்கத்து மாடியில் யாரோ மெத்தையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"பிரபு, நான் வரட்டுமா?"

"காசு பாக்கவா?"

"காசும் பாக்கறேன்."

லைன் போய்விட்டதோ என்று இரண்டு முறை ஹலோ சொன்னேன்.

"இங்கதான் இருக்கேன்" என்றான். "டிசம்பர்ல இங்க ரொம்பக் குளுரும். அதுக்கு முன்னாடியே வா."

கீழே வந்து பாஸ்போர்ட்டைத் தேடினேன். அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில். மார்ச்சிலேயே காலாவதி.