அம்பர் அத்தரும் அவருடைய சட்டையும்

என் மகள் நேற்று ஒரு செண்ட் பாட்டில் வாங்கி வந்தாள். பெட்டியில் அம்பர் என்று போட்டிருந்தது. மணிக்கட்டில் கொஞ்சம் அடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். முதலில் ஆரஞ்சுத் தோலை உரித்தது போல ஒரு காரம்தான் தெரிந்தது. குழம்பு கொதிப்பதற்குள் அது அடங்கி, அடியிலிருந்து வேறொன்று மெல்ல எழுந்தது. கரண்டியை வைத்துவிட்டு நின்றேன். நீ வந்து பக்கத்தில் நிற்பது போல இருந்தது.

ஸ்ரீரங்கத்திலிருந்து நானும் பாலக்கரையிலிருந்து நீயும் திருவெறும்பூர் கம்பெனிக்குப் போய், ஸ்டோர் ரூமில் பல வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். அறை முழுக்க கிரீஸ் நெடி. அதற்கு நடுவே உன் முந்தானை ஓரத்தில் மட்டும் அம்பர் அத்தர் மணக்கும். அது உன் வீட்டுக்காரர் போட்டுக்கொண்டிருந்த அத்தர். அவர் இறந்த பிறகு நீ போட ஆரம்பித்தாய். "அவரு வீட்டுல இருக்குற மாதிரி இருக்குடி" என்று ஒரே ஒரு முறை சொன்னாய்.

கொரோனாவிலிருந்து நீ பிழைத்து வந்தாய். மூக்கு மட்டும் திரும்பவில்லை. டாக்டர் கிராம்பையும் எலுமிச்சையையும் தினமும் முகரச் சொன்னார். பலன் இல்லை. காபி மணம் போனதைப் பற்றி நீ கவலைப்படவில்லை. "அவரு ரெண்டாவது தடவை போயிட்டாரு" என்றாய். 

ஆனாலும் அத்தரை விடவில்லை. ஒரு நாள் காலையில் வந்ததும் கையை என் முகத்தருகே நீட்டினாய்.

"எப்படி இருக்கு, சொல்லு."

"நல்லா இருக்குடி."

"அப்படிச் சொன்னா எனக்கு என்ன தெரியும்? மோந்து பார்த்துச் சொல்லு."

அன்றுதான் அதை உண்மையாகவே முகர்ந்தேன். போட்டவுடன் லேசான மருந்து நெடி. கொஞ்ச நேரத்தில் வெல்லப்பாகு காய்ச்சுகிற இனிப்பு. மதியத்துக்கு மேல் உடம்புச் சூட்டோடு கலந்து, சாம்பிராணி போட்டு மூடிவைத்த அறையைத் திறந்தது போல. மல்லிகை மாதிரி தெருமுனையிலிருந்தே கூப்பிடாது. கிட்டே வந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். நான் சொல்லச் சொல்ல நீ கண்ணை மூடிக் கேட்டாய்.

"அவரும் அப்படித்தான். சத்தமாவே பேச மாட்டாரு" என்றாய்.

நீ வேலையை விட்டு உன் மகளோடு சேலத்துக்குப் போன பிறகும் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தோம். ஒரு நாள் நீயே கூப்பிட்டாய்.

"பெட்டியில அவரு சட்டையை எடுத்தேன். அந்த வாசனை வந்த மாதிரி இருந்துச்சுடி. மகளைக் கேட்டா பாச்சை உருண்டை வாசனைதான் வருதுங்கிறா. நெஜமா வந்துச்சா, நானா நெனச்சுக்கிட்டேனா, தெரியல. நீ வந்து பார்த்துச் சொல்லு."

"சனிக்கிழமை வரேன்" என்றேன்.

"வா. உனக்குக் கறி இல்லாம, பருப்பும் காயும் போட்டு தால்சா செஞ்சு வைக்கிறேன்."

வெள்ளிக்கிழமை காலையில் உன் மகள் போன் செய்தாள். மாரடைப்பு என்றாள். கையில் கிடைத்த பையோடு பஸ் ஏறினேன். முசிறி, தொட்டியம் என்று ஊர்கள் போய்க்கொண்டே இருந்தன. சேலம் மட்டும் வரவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் உன்னை அடக்கத்துக்கு எடுத்துப் போயிருந்தார்கள்.

கூட்டம் குறைந்ததும் உன் மகள் அந்தச் சட்டையைக் கொண்டுவந்தாள். "உங்ககிட்ட காட்டணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க, ஆன்ட்டி" என்றாள்.

காலரில் முகத்தைப் புதைத்தேன். முதலில் பாச்சை உருண்டைதான். விடாமல் மூச்சை இழுத்தேன். அடியில், மடிப்புக்குள், மிக லேசாக அந்த வெல்லப்பாகு. இருந்ததடி. நீயாக நினைத்துக்கொண்டதல்ல. உனக்கு நிஜமாகவே திரும்பி வந்திருந்தது. அதைத் தெரிந்துகொள்ளத் தவித்தவள் நீ, தெரிந்துகொண்டவள் நான்.

உன் மகளிடம் சொன்னேன். அவள் அழுதாள். உன்னிடம் சொல்ல வேண்டியதை அவளிடம் சொல்லியும் மனசு ஆறவில்லை.

இப்போதெல்லாம் எந்த வாசனையையும் என்னால் சும்மா கடந்து போக முடிவதில்லை. மழைக்குப் பிந்தைய கொள்ளிடக்கரை, கோயில் வாசல் துளசி, பஸ்ஸில் ஏற்றிய வாழைத்தார் என்று எது வந்தாலும் முதலில் என்ன, பிறகு என்ன, கடைசியில் என்ன மிஞ்சுகிறது என்று மனதுக்குள் உனக்குச் சொல்லிக்கொண்டு வருகிறேன். பிறகு வேலையைப் பார்க்கப் போகிறேன்.