முதல் மடக்கு

மார்ச் 3, திங்கள்

எழுத்து கோணலாக இருக்கிறது, மன்னிக்க வேண்டும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று தெரியவில்லை. இதைப் படிக்கப் போவது நான் ஒருத்தன்தான். ஆனாலும் கேட்டுவிடுகிறேன். ஒரு எழுத்து தின்று கொழுத்ததுபோல் இருக்கிறது, பக்கத்து எழுத்து பட்டினி கிடந்ததுபோல் நிற்கிறது. எல்லாம் சேர்ந்து வலது பக்கம் பள்ளத்தில் இறங்குகின்றன.

பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் மாலை வகுப்பு டீச்சர் சொன்னார்: "தினம் ஒரு வரியாவது எழுதுங்கய்யா. பெருசா யோசிக்காதீங்க. இன்னிக்கு என்ன செஞ்சீங்களோ அதை எழுதுங்க."

இன்று செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். வல்லாரையைக் கிள்ளிப் பருப்போடு வேகவைத்துச் சாப்பிட்டேன். யாரும் வரவில்லை.

எழுதியதைத் திரும்பப் படித்தேன். அட! நான் சொன்னதை நானே கேட்கிறேன். இந்த வயதில் இப்படி ஒரு விளையாட்டு!

மார்ச் 4, செவ்வாய்

எலுமிச்சம்புல் என்று எழுதினேன். அப்பாடா, எவ்வளவு நீளம். செடியும் அப்படித்தான்.

மார்ச் 6, வியாழன்

வராந்தாவில் எண்ணெய் டின், பெயிண்ட் வாளி, உடைந்த பக்கெட் எல்லாவற்றிலும் செடி இருக்கிறது. துளசி, புதினா, கற்பூரவல்லி, ஆடாதோடை. எல்லாம் என் மனைவி வைத்தது. அவள் இருந்தவரை இந்தக் கதவைச் சாத்தியதே இல்லை. சளியா, காய்ச்சலா, பிள்ளைக்கு வயிற்று உப்புசமா, மூச்சு வாங்க மாடி ஏறி வருவார்கள். இலை பறிப்பதும் இடிப்பதும் என் வேலை. காய்ச்சிக் கொடுப்பது அவள். அவள் போனபிறகு ஒருவரும் வருவதில்லை. எனக்கும் பக்குவம் தெரியும். யார் கேட்கிறார்கள்? கற்பூரவல்லி டின்னை விட்டு வழிகிறது. இலை பழுத்துத் தானே விழுகிறது, கூட்டி அள்ளுகிறேன்.

பக்கத்து வீட்டுத் தையற்காரர் இருமுகிறார். சுவர் வழியாகக் கேட்கிறது. மெஷின் ஓடும், நிற்கும், இருமல் வரும், மறுபடி ஓடும். போய் விசாரிக்கலாம், ஆனால் நாங்கள் பேசுவதில்லை. வராந்தாத் தரை அவர் வாசல் பக்கம் சரிவு. நான் ஊற்றுகிற தண்ணீர் வழிந்து அங்கேதான் போகும். ஒருமுறை அவர் தைத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டை சேறாகிவிட்டது. "பெரியவரே, செடி வளக்குறீங்களா, ஆறு வெட்டுறீங்களா?" என்று கத்தினார். நானும் பதிலுக்கு ஏதோ சொன்னேன். அத்தோடு சரி.

மார்ச் 9, ஞாயிறு

மகள் போனில் பேசினாள். "எத்தனை நாளைக்குப்பா ஒண்டியா இருப்பீங்க? மாசக் கடைசில அவரு வண்டி எடுத்துட்டு வர்றாரு. கெளம்பி இருங்க."

"செடியெல்லாம்?"

"இங்க துணி காயப்போடவே எடமில்லப்பா. யாருக்கு அந்தச் செடி? நீங்க ஒருத்தரே தின்னு தீத்துடுவீங்களா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அக்கறையில்தான் கேட்கிறாள். ஆனால் அந்தக் கேள்வி தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. யாருக்கு?

மார்ச் 12, புதன்

அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கற்பூரவல்லி, துளசி, கொஞ்சம் ஆடாதோடை. கத்தி படாமல் கையால் கிள்ளிப் போட வேண்டும், அவள் அப்படித்தான் செய்வாள். இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்டு, பாதியாகச் சுண்டும்வரை சிறு தீயில் காய்ச்சினேன். வீடெல்லாம் அந்த வாசனை. கொஞ்ச நேரம் அடுப்படியிலேயே நின்றுவிட்டேன்.

பாட்டிலில் ஊற்றி, தாளில் எழுதி ஒட்டினேன்: "இருமலுக்கு. காலையும் இரவும் அரை டம்ளர். சூடு செய்து குடிக்கவும்." வேறொருவர் படிப்பதற்காக நான் எழுதிய முதல் எழுத்து! அவர் வாசலில் வைத்துவிட்டு, பிள்ளைகள் மணி அடித்துவிட்டு ஓடுவதுபோல் ஓடி வந்தேன்.

மார்ச் 13, வியாழன்

பாட்டில் என் வாசலில் இருக்கிறது. மூடிகூடத் திறக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

போகட்டும். எனக்கென்ன? அவர் இருமல் அவருக்கு. குண்டு குண்டா எழுதினேனே, கண்ணு தெரியலையா? இல்ல, படிச்சிட்டுத்தான் திருப்பி வச்சாரா? அந்த மனுசனுக்கு இன்னும் சட்டைதான் பெருசு. நான் ஒரு மடையன் - வேலைவெட்டி இல்லாம -

கஷாயத்தை வேப்பமரத்தடியில் கொட்டினேன். மகளிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சந்தோஷப்பட்டாள். நான் போனை வைத்துவிட்டுச் செடிகளைப் பார்க்காமல் உள்ளே வந்தேன்.

மார்ச் 17, திங்கள்

மாடிப்படியில் எதிரெதிரே மாட்டிக்கொண்டோம். ஒதுங்கினால் இருவரும் ஒரே பக்கம் ஒதுங்குகிறோம். கடைசியில் கேட்டேவிட்டேன்.

"தொறந்துகூடப் பாக்கலியேப்பா. எழுதித்தானே ஒட்டியிருந்தேன்?"

"எலி மருந்துலகூடத்தான் எழுதி ஒட்டுறான்."

அவர் இருமி முடித்துவிட்டு, குரலை இறக்கிச் சொன்னார்: "அக்கா குடுத்தா, நம்ம கண்ணெதிர்ல ஒரு மடக்கு குடிச்சிட்டுத்தான் டம்ளர நீட்டுவாங்க. 'இந்தாப்பா, நான் சாகல, நீயும் சாகமாட்டே'ம்பாங்க. நீங்க வாசல்ல வச்சிட்டு ஓடிட்டீங்க. சண்டைக்காரன் வச்சத எப்படிக் குடிக்கிறது, சொல்லுங்க?"

ஆமாம். அவள் குடிப்பாள், ஒவ்வொரு முறையும். சூடு பார்க்கிறாள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்து இஞ்சி தட்டிக்கொண்டிருந்த எனக்கு இது தெரியவில்லை. இலை தெரிந்தது, பக்குவம் தெரிந்தது, இது மட்டும் தெரியவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

மறுபடி காய்ச்சினேன். பாத்திரத்தோடும் டம்ளர்களோடும் போய்க் கதவைத் தட்டினேன். துணிக் குவியலை ஒதுக்கி இடம் கொடுத்தார். ஊற்றினேன், முதல் மடக்கை நான் குடித்தேன். ஆடாதோடைக் கசப்பு! எத்தனையோ பேருக்கு இடித்துக் கொடுத்திருக்கிறேன், நான் வாயில் வைத்ததே இல்லை. என் முகம் போன போக்கைப் பார்த்து அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகியது. பிறகு வாங்கி மடமடவென்று குடித்தார்.

"டாக்டர் மாத்திரை குடுத்திருக்காரு. அதையும் போட்டுக்கவா?"

"போட்டுக்க, போட்டுக்க. ரெண்டுல எது கேக்குதோ கேக்கட்டும்."

மார்ச் 22, சனி

மெஷின் நிற்காமல் ஓடுகிறது. இருமல் இல்லை. ஆனால் அவர் வரவும் இல்லை. குணமானால் ஆட்கள் வரமாட்டார்கள்போல் இருக்கிறது. என்ன தொழில் இது!

துணிமணிகளை மூட்டை கட்டினேன். செடிகளை யாரிடம் ஒப்படைப்பது? புதினாவை யாராவது எடுத்துக்கொள்வார்கள். ஆடாதோடையை யார் சீண்டுவார்கள்?

மார்ச் 24, திங்கள்

காற்றும் மழையும். தொட்டிகளைச் சுவரோரம் நகர்த்துவதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

உடம்பு அனலாகக் கொதிக்கிறது. எழுந்து ஒரு டம்ளர் வெந்நீர் வைக்கத் தெம்பில்லை. அவள் பெயரை எழுதிப் பார்த்தேன். பிறகு அடித்துவிட்டேன். எனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

மார்ச் 28, வெள்ளி

படுத்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்தும் படுத்துக்கொண்டுதான் வருகிறது.

நேற்றுக் கதவு தட்டுகிற சத்தம். இந்தக் கதவைத் தட்டினால் எப்படிக் கேட்கும் என்பதே மறந்திருந்தது. தையற்காரர் நிற்கிறார்.

"மழை விட்டு ரெண்டு நாளாச்சு, ஆனா என் வாசல் காஞ்சே கெடக்குது. உங்க தண்ணியக் காணோம். என்னமோ சரியில்லைனு வந்தேன்."

நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனவர், டாக்டர் வீட்டுக் கம்பவுண்டரைக் கையோடு கூட்டிவந்தார். மாத்திரை கொடுத்துவிட்டு அவர் போனதும், இவர் வராந்தாவில் நின்று "அண்ணே, எந்த எலை?" என்று ஒவ்வொன்றாகக் கிள்ளிக் காட்டினார். நான் கட்டிலில் இருந்தே தலையை ஆட்டினேன். என் அடுப்பில் காய்ச்சினார். பாதியாகச் சுண்ட வேண்டும் என்றேன். பேச்சு மும்முரத்தில் அடிப்பிடிக்கவிட்டுவிட்டார். டம்ளரில் ஊற்றி, என் எதிரே உட்கார்ந்து, முதல் மடக்கை அவர் குடித்தார்.

"தூ, கண்றாவி. ஆனா நான் சாகல. இந்தாங்க."

கருகல் வாடை. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

செடிகளுக்கும் தண்ணீர் ஊற்றினார். ஊற்றத் தெரியவில்லை, வாளியைக் கவிழ்த்துவிட்டார். அவ்வளவும் அவர் வாசலுக்கே போயிற்று. தன்னைத்தானே திட்டிக்கொண்டு துடைத்தார். நான் போர்வைக்குள் சிரித்தேன்.

இன்று காலை மகளிடம் சொன்னேன்: "வண்டி வேணாம்மா. நீ வா. வந்து இருந்துட்டுப் போ."

"ஏம்ப்பா? என்னாச்சு?"

"இங்க ஒரு ஆளுக்குக் கஷாயம் காய்ச்சக் கத்துக் குடுக்கணும்."

மூட்டையை இன்னும் பிரிக்கவில்லை. அவர் மாலை வந்து பிரித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இதற்குமேல் எழுத முடியாது. அடுத்த வாரம் நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். எழுத்தையும் நிமிர்த்தி உட்கார வைத்து எழுதுகிறேன்.